முன் பெஞ்சுக்குப் போன ஹுல்டா

பேசும்போது ஹுல்டா மோயன் வாயை மூடிக்கொள்வாள். கையால் அல்ல, ஏப்ரன் நுனியால். கடைக்காரரிடம் சர்க்கரை கேட்டாலும் சரி, பால்காரரிடம் நாளைக்கு ஒரு புட்டி போதும் என்று சொன்னாலும் சரி, ஏப்ரனின் வலது நுனி மேலே போய் உதட்டை மறைத்துவிடும். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்கு ஏப்ரன் இல்லாமல் வரும்போது கையுறை அந்த வேலையைப் பார்த்துக்கொள்ளும். நெட்டில் க்ரீக் ஊருக்குப் புதிதாகக் குடிவந்தவர்கள், பாவம் அந்தம்மாவுக்குப் பல் இல்லை போலிருக்கிறது என்று நினைத்தார்கள். பல்லெல்லாம் நன்றாகத்தான் இருந்தது. அதைச் சொல்லிச் சொல்லி அங்கலாய்ப்பவள் அடுத்த வீட்டில் இருந்த நாத்தனார் தோரா.

"எனக்கு மட்டும் அந்தப் பல்வரிசை இருந்திருந்தா சாவு வீட்டுலகூட சிரிச்சுக்கிட்டே நின்னிருப்பேன். எங்க அண்ணி என்னடான்னா துணியைப் போட்டு மூடி வெச்சிருக்காங்க."

அது பிறவிப் பழக்கம் இல்லை. 1918-இல் வந்தது.

ஹுல்டாவின் அப்பா அம்மா நார்வேயிலிருந்து வந்து அயோவாவில் நிலம் வாங்கியவர்கள். அம்மா படுக்கையில் விழுந்தபோது ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு அடுப்படிக்கு வந்தவள் அவள். வீட்டில் நார்வே மொழி, தேவாலயத்தில் நார்வே மொழி, கல்யாணம் செய்துகொண்ட ஆண்டர்ஸோடும் நார்வே மொழிதான். ஆங்கிலம் கடைக்குப் போகையில் எடுத்துப்போகும் கூடை மாதிரி. தேவைப்படும்போது எடுப்பது, வந்ததும் மாட்டிவைப்பது. ஆண்டர்ஸ் ரயிலடியில் இருந்த தானியக் கிடங்கில் எடை போடும் வேலையில் இருந்தார். ரயிலடிக்கு எதிரிலேயே மாடி வீடு. குழந்தை இல்லை. அதைத் தவிர அவர்களுக்கு ஒரு குறையும் இல்லை.

முதல் உலகப் போர் வந்தது. ஆங்கிலம் தவிர வேறு மொழி பேசக்கூடாது என்று மாநில ஆளுநர் உத்தரவு போட்டார். தெருவில் கூடாது, கடையில் கூடாது, தேவாலயத்தில் கூடாது, டெலிபோனில்கூடக் கூடாது. உத்தரவைப் பார்த்துக்கொள்ள ஊரில் ஒரு குழு அமைந்தது. ஹார்டுவேர் கடை வைத்திருந்த ஆல்வின் ஸ்டோக்ஸ் அதற்குத் தலைவர். ஒருநாள் ஹுல்டா மாமியாருக்கு டெலிபோன் போட்டு, உருளைக்கிழங்கை நிலவறையில் இறக்கியாயிற்றா என்று நார்வே மொழியில் கேட்டாள். ஒரே கம்பியில் எட்டு வீடு, ஒருவர் பேசினால் மற்ற ஏழு வீட்டிலும் எடுத்துக் கேட்கலாம். மறுநாள் காலை ஸ்டோக்ஸ் வாசலில் நின்றார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு மிகவும் மரியாதையாகத்தான் பேசினார்.

"இந்த ஒரு தடவை விட்டுடறேன் மிஸஸ் மோயன். இன்னொரு தடவை ஆச்சுன்னா எனக்கே சங்கடம்."

அந்த இலையுதிர் காலத்தில் விஷக்காய்ச்சல் ஆண்டர்ஸைக் கொண்டுபோயிற்று. புதைக்கும்போது போதகர் ஆங்கிலத்தில் ஜெபம் செய்தார். அந்த ஜெபத்தை ஆண்டர்ஸ் உயிரோடு இருக்கையில் ஒருநாளும் அந்த மொழியில் கேட்டதில்லை. கடைசியில் மண் போடும் முன் ஹுல்டா அவரிடம் ஒன்று சொல்ல வாய் திறந்தாள். வேலிக்கு அந்தப் பக்கம் ஸ்டோக்ஸ் தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றிருந்தார். துக்கத்துக்குத்தான் வந்திருந்தார். ஆனால் ஹுல்டா கைக்குட்டையை எடுத்து வாயை மூடிக்கொண்டாள். சொல்ல வந்தது உள்ளேயே போயிற்று. அதற்குப் பிறகு அவள் வாய் திறந்தபோதெல்லாம் ஏதோ ஒரு துணி கூடவே போனது.

மறு வருடம் ஊரிலிருந்த ஒரே ஹோட்டல் தீப்பிடித்து எரிந்தது. ஜூலையில், வருடா வருடம் ஊர் ஊராகப் போகும் ஷட்டாக்வா கம்பெனியின் நிகழ்ச்சிக் கூடாரம் வரவேண்டும். ஒரு வாரம், காலையும் மாலையும் பாட்டு, நாடகம், சொற்பொழிவு. நாடு முழுக்கப் பெயர் தெரிந்தவர்கள் ரயிலில் வந்து இறங்கி, பேசி, மறுநாள் அடுத்த ஊருக்குப் போவார்கள். அவர்களை எங்கே தங்கவைப்பது என்று ஊர்க்காரர்கள் தலையைச் சொறிந்தார்கள். ரயிலடிக்கு எதிரில் மாடி முன்னறை காலியாக இருந்தது ஹுல்டா வீட்டில்தான். இப்படித்தான் ஆறாம் வகுப்போடு நின்றவள் வீட்டுப் பித்தளைக் கட்டிலில் அமெரிக்காவின் பெரிய மனிதர்கள் படுத்து எழுந்தார்கள்.

ஹுல்டா அவர்களிடம் அதிகம் பேசியதில்லை. பார்த்துக்கொண்டிருந்தாள். பெண்களுக்கு ஓட்டுரிமை கேட்டுச் சிறைக்குப் போன அம்மாள் ஒருத்தி, அறைக்கதவைச் சாத்தினால் தூங்கமாட்டாள். வடதுருவப் பனியில் மாதக்கணக்கில் நடந்தவர் ஜூலை மாதத்தில் இன்னொரு போர்வை கேட்டார். லட்சம் பேரை அழவைத்த பிரசங்கியார் பூனையைக் கண்டதும் நாற்காலிமேல் ஏறினார். இதையெல்லாம் அவள் தோராவிடம்கூடச் சொல்லவில்லை. தோரா கேட்டுக் கேட்டு அலுத்துப்போனாள்.

"அத்தனை பேர் வந்து போறாங்க, ஒரு விஷயம் வெளியில வரமாட்டேங்குதே. என்ன அண்ணி, வீடு நடத்தறீங்களா, பாங்குப் பெட்டகம் நடத்தறீங்களா?"

"அவங்க தூங்கறாங்க, சாப்பிடறாங்க, போறாங்க தோரா. அதுல சொல்ல என்ன இருக்கு?"

முதல் வருடமே வந்தவர் செனட்டர் ஜோசையா வெதர்பி. சோளம் ஏற்ற ரயில்காரர்கள் கேட்ட கூலிக்கு வரம்பு கட்டிய சட்டம் அவருடையது. நெசவாலைகளில் குழந்தைகளை வேலைக்கு வைப்பதை எதிர்த்து வாஷிங்டனில் முழுநாளும் நின்று பேசியவர். அவர் எழுந்தால் பத்திரிகைக்காரர்கள் பென்சில் சீவுவார்கள் என்பார்கள். போர் வேண்டாம் என்று பேசியதால் பதவி போனது. மனைவியும் போய்ச் சேர்ந்துவிட்டாள். அதன்பிறகு அவருக்கு இருந்தது இந்தக் கூடார மேடை ஒன்றுதான். நெடிய உருவம், வெள்ளை முடி, கணீரென்ற குரல்.

அவர் முதல் தடவை பேசிய அன்று ஹுல்டா கடைசி பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். பாதியில் எழுந்துபோய் அடுப்பைப் பார்க்க அதுதான் வசதி. போர்க்காலத்தில் சின்ன ஊர்களில் நடந்ததைப் பற்றிச் செனட்டர் பேசிக்கொண்டே வந்தவர் சட்டென்று குரலைத் தாழ்த்தினார்.

"ஒரு பெண் தன் கணவனை மண்ணில் இறக்கும்போது எந்த மொழியில் விடைகொடுக்க வேண்டும் என்று சொல்ல, எந்த ஆளுநருக்கும் உரிமை கிடையாது."

யாரும் அவரிடம் எதையும் சொல்லியிருக்கவில்லை. ஊர் ஊராகப் போகிறவர், எங்கெங்கோ கேட்டதைச் சொன்னார். ஹுல்டா அடுப்பைப் பார்க்கப் போகவில்லை. அன்று பன்றி இறைச்சி அடிப்பிடித்தது. செனட்டர் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார்.

அதிலிருந்து ஒவ்வொரு ஜூலையும் அவர் வந்தார். காலையில் ஹுல்டா அவருக்கு மட்டும் உருளைக்கிழங்கு மாவில் மெல்லிய லெஃப்சே ரொட்டி சுட்டு, வெண்ணெய் தடவிச் சுருட்டி வைப்பாள். அவர் சாப்பிட்டுவிட்டு, இதைத் தின்னத்தான் இவ்வளவு தூரம் வருகிறேன், பேச்சு ஒரு சாக்கு என்பார். ஏப்ரன் நுனிக்குப் பின்னால் அவள் சிரித்தாளா இல்லையா என்று தெரியாது.

1926-ஆம் வருடம் ஹுல்டா ஒன்றைக் கவனித்தாள். வீடே அதிரும்படி எட்டு மணி ரயில் ஊதிக்கொண்டு போகும். புதிதாக வருகிறவர்கள் துள்ளி விழுவார்கள், பழகியவர்கள் ஒரு நொடி பேச்சை நிறுத்துவார்கள். செனட்டர் இரண்டும் செய்யவில்லை. சன்னலுக்குப் பக்கத்தில் நின்று சவரம் செய்துகொண்டே இருந்தார். கத்தி நிற்கவில்லை. அவள் வாசலில் நின்று காப்பி ஆயிற்று என்றாள். திரும்பவில்லை. கண்ணாடியில் அவள் உருவம் தெரிந்த பிறகுதான் திரும்பினார்.

சமையலறை மேசையில் அவராகவே தொடங்கினார்.

"மிஸஸ் மோயன், ஒரு உதவி கேக்கலாமா?"

அவள் தலையசைத்தாள்.

"அந்தத் துணியைக் கொஞ்சம் இறக்கிட்டுப் பேசறீங்களா?"

ஹுல்டாவுக்கு முகமெல்லாம் சூடேறியது.

"தப்பா எடுத்துக்காதீங்க. எனக்குக் காது போயிடுச்சு. இடது காது போய் நாளாச்சு, வலது காது இந்த வசந்தத்துல போச்சு. எதிராளி உதட்டைப் பாத்துத்தான் சமாளிக்கறேன். நீங்க நிதானமா பேசறவங்க. உதடு மட்டும் தெரிஞ்சா எனக்கு எல்லாம் புரியும்."

அவள் ஒரு கையால் மேசை விரிப்பின் சுருக்கத்தை நீவினாள். பிறகு கையைக் கீழே இறக்கினாள். துணி மறைக்காத வாயோடு அவள் அவரிடம் சொன்ன முதல் சொல், "காப்பி ஆறுது செனட்டர்."

"குடிக்கறேன்."

"இது யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும். இப்ப உங்களுக்குத் தெரியும். கம்பெனிக்குத் தெரிஞ்சா அடுத்த ரயில்ல வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. வீட்டுல யார் இருக்கா? நாலு சுவர். மேடையில நிக்கற வரைக்கும்தான் நான் ஆளு மிஸஸ் மோயன். இறங்கிட்டா, என்னை எனக்கே அடையாளம் தெரியாது."

அவள் யாரிடமும் சொல்லவில்லை. அப்போது கூட்டத்தார் கேள்விகளைச் சீட்டில் எழுதித் தொப்பியில் போடும் வழக்கம் இருந்ததால் அந்த வருடமும் அவர் தப்பித்தார். மேடையில் சீட்டைப் பிரித்துப் படித்து அவர் பதில் சொன்னார். கைதட்டலைக் கண்ணால் பார்த்துப் பேச்சை நிறுத்தினார். ஒரு குறையும் தெரியவில்லை.

மறு வருடம் சீட்டு போயிற்று. வீட்டுக்கு வீடு ரேடியோ வந்து கூடாரத்துக் கூட்டம் குறையத் தொடங்கியிருந்தது. கம்பெனிக்காரர்கள் யோசித்துப் புதுச் சுவரொட்டி அடித்தார்கள். ரேடியோ உங்களுக்குப் பதில் சொல்லாது, பெரியவர்களை நேரில் எழுந்து கேளுங்கள் என்று அதில் இருந்தது. அந்தப் பருவத்துக்கு மேடைப் பொறுப்பாளராக வெண்டல் ப்ரூக் என்பவர் வந்திருந்தார். ஒல்லியான மனிதர், வேலையில் கறார். செனட்டர் முந்தின ஊர்களில் எப்படியோ ஒப்பேற்றிவிட்டு நெட்டில் க்ரீக்கில் இறங்கினார். வழக்கத்தைவிட அதிகமாகச் சிரித்தார். ஹுல்டாவுக்கு அது பிடிக்கவில்லை.

அன்று பகல் வெயில் நெருப்பாக இருந்தது. கூடாரத்தின் பக்கத் துணிகளைத் தூக்கிக் கட்டியிருந்தார்கள். பக்கத்து வயலில் ஓட்ஸ் கதிரடிக்கும் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. செனட்டர் பேச்சின் நடுப்பகுதிக்கு வந்திருந்தார். அந்த நேரம் பார்த்துக் காற்று திசை மாறியது. வயலிலிருந்த உமியும் தூசியும் ஒரு மேகமாகக் கூடாரத்துக்குள் வந்து விழுந்தன. எல்லாரும் ஒரே சமயத்தில் கைக்குட்டையை எடுத்தார்கள். மூக்கைப் பொத்தினார்கள். தலைக்கு மேல் வீசி உமியை விரட்டினார்கள். முந்நூறு நானூறு வெள்ளைக் கைக்குட்டைகள்.

கூடாரத்துக்கு வரும் கூட்டத்தாரிடம் ஒரு வழக்கம் உண்டு. ஒருவருக்கு உச்சமாக மரியாதை செய்ய வேண்டுமென்றால் கைதட்டமாட்டார்கள். சத்தமே இல்லாமல் எழுந்து வெள்ளைக் கைக்குட்டைகளை உயர்த்தி அசைப்பார்கள். நெட்டில் க்ரீக்காரர்கள் அதில் மகா கஞ்சர்கள். ஒருமுறை, சீனாவிலிருந்து திரும்பிய மருத்துவர் ஒருவருக்குச் செய்தார்கள், அவ்வளவுதான். செனட்டர் வருடா வருடம் அதற்குக் காத்திருந்தார் என்பது ஹுல்டாவுக்குத் தெரியும். வாய்விட்டுச் சொன்னதில்லை. அந்த மருத்துவர் கதையை மட்டும் அவளிடம் இரண்டு தரம் சொல்லச் சொல்லிக் கேட்டிருக்கிறார்.

செனட்டர் பேச்சை நிறுத்தினார். தும்மலும் இருமலும் அவர் காதில் விழவில்லை. கண்ணில் பட்டது வெள்ளை அலை ஒன்றுதான். கையை மார்பில் வைத்தார். தலை குனிந்தார். நிமிர்ந்தபோது கன்னம் நனைந்திருந்தது.

"போதும் நண்பர்களே," என்றார். "போதும். இதற்கு நான் தகுதியில்லாதவன்."

கூட்டம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது. பின்னாலிருந்து யாரோ சிரித்தார்கள். இன்னொருவர் அடக்கினார். செனட்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு விட்ட இடத்திலிருந்து பேசி முடித்தார். பாண்டு வாத்தியக்காரர்கள் ஒரு பாட்டு வாசிக்க, அதன்பின் கேள்வி நேரம்.

பாட்டு ஓடும்போது ப்ரூக் நேராகக் கடைசி பெஞ்சுக்கு வந்தார். குனிந்து மெதுவாகக் கேட்டார்.

"மிஸஸ் மோயன், உங்க வீட்லதானே தங்கறார். உண்மையைச் சொல்லுங்க. அவருக்குக் காது கேக்குதா?"

ஹுல்டா கையுறையை வாயில் வைத்துக்கொண்டாள். பொய் சொல்லி அவளுக்குப் பழக்கமில்லை.

"என் வீட்டுல நான் சொல்றது எல்லாம் அவருக்குப் புரியுது சார்."

"சரி, இப்பத் தெரிஞ்சுடும். அவர் தடுமாறினா நான் இன்னிக்கே தந்தி கொடுக்கணும். இன்னும் நிறைய ஊர் பாக்கி இருக்கு. ஊர் ஊரா சிரிக்க விட்டா அது அவருக்கும் நல்லதில்ல."

அவர் போய் மேடை ஓரத்தில் நின்றார். ஹுல்டா எழுந்தாள். தோரா அவள் பாவாடையைப் பிடித்து இழுத்தாள்.

"எங்க அண்ணி கிளம்பிட்டீங்க?"

"முன்னாடி."

"முன் பெஞ்சுல பாங்குக்காரர் வீட்டுப் பொம்பளைங்க உக்காந்திருக்காங்க. அங்க போய் நீங்க என்ன பண்ணப் போறீங்க? அந்தாளு உங்க வீட்ல தங்கறதுக்கே என் காதுபட என்னென்னமோ சொல்றாங்க. விதவைப் பொம்பளை, செனட்டர் முன்னால போய் நின்னீங்கன்னா நாளைக்கு நான் தெருவுல தலைகாட்ட முடியாது."

"அப்ப நீ வீட்டுக்குள்ளயே இரு," என்று சொல்லிவிட்டு ஹுல்டா நடந்தாள்.

நடுவழியில் மரத்தூள் பரப்பியிருந்தது. ஒரு சத்தமும் எழவில்லை. இருந்தாலும் எல்லாத் தலையும் திரும்பியது. அவள் முன்வரிசையின் ஓரத்தில், மேடையைப் பார்த்தபடி நின்றாள். உட்காரவில்லை.

முதலில் எழுந்தவர் ஓடிஸ் கிரேன். வருடா வருடம் முதல் கேள்வி அவருடையது. வாயை முழுக்க மூடி வளர்ந்த மீசை. அவர் சொல்வது மீசைக்குள்ளேயே பாதி தங்கிவிடும்.

"செனட்டர், சோளம் ஏத்த ரயில்காரன் கேக்கற கூலி ஏறிக்கிட்டே போகுது. நீங்க போட்ட சட்டம் உசுரோட இருக்கா, இல்ல அதையும் பொதைச்சாச்சா?"

செனட்டர் புன்னகைத்தபடி அந்த மீசையைப் பார்த்தார். அதில் ஒன்றும் அசையவில்லை. ப்ரூக் தந்தி எழுதப் பைக்குள் கைவிட்டுப் பென்சிலை எடுத்தார்.

ஹுல்டா கையுறை போட்ட கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். மேடையைப் பார்த்துத் தன் நார்வே வாடை அடிக்கும் ஆங்கிலத்தில், ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்.

"ஓடிஸ் கேக்கறார். ரயில் கூலி ஏறிக்கிட்டே போகுதாம். உங்க சட்டம் உசுரோட இருக்கா, பொதைச்சாச்சான்னு."

செனட்டரின் முகம் தெளிந்தது. "பொதைக்கல மிஸ்டர் கிரேன். ஆனா ஆஸ்பத்திரியில கிடக்கு," என்று தொடங்கிச் சரளமாகப் பதில் சொன்னார். கூட்டம் சிரித்தது, தட்டியது. ஓடிஸ் உட்காரவில்லை.

"ஹுல்டா, நான் கேட்டது எனக்கே நல்லா கேட்டுச்சு. அதை நீ எதுக்குத் திருப்பிச் சொல்றே?"

ஹுல்டா திரும்பி அவரைப் பார்த்தாள்.

"இத்தனை வருஷமா கடைசி பெஞ்சுல உக்காந்திருக்கேன் ஓடிஸ். உன் மீசையைத் தாண்டி ஒரு வார்த்தை அங்க வந்ததில்ல. பின்னாடி இருக்கறவங்களுக்கும் கேக்கட்டும்."

பின்வரிசைக்காரர்கள் ஓவென்று சிரித்தார்கள். ஆமாம் ஆமாம், நல்லாச் சொல்லு என்று குரல் வந்தது. ஓடிஸ் மீசையைத் தடவிக்கொண்டு உட்கார்ந்தார். ஹுல்டா இவ்வளவு நீளமாகப் பேசி ஊர் கேட்டதே இல்லை. அதன்பின் யார் எழுந்து கேட்டாலும் அவள் திருப்பிச் சொன்னாள். பெண்கள் ஜூரியில் உட்காரலாமா என்று ஆசிரியை ஒருத்தி கேட்டாள். இந்த ஆட்டோமொபைல் கழுதை மனுஷனைக் கெடுக்குமா என்று கிழவர் ஒருவர் கேட்டார். எல்லாம் நல்லபடியாகப் போயிற்று. ப்ரூக் பென்சிலைப் பைக்குள் போடவில்லை. அவளையும் செனட்டரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

கடைசியாக எழுந்தவர் ஆல்வின் ஸ்டோக்ஸ்.

"செனட்டர், போர் சமயத்துல சின்ன ஊர்க்காரங்க அக்கம்பக்கத்துல இருந்தவங்களைக் கொடுமைப்படுத்தினாங்கன்னு வருஷா வருஷம் சொல்றீங்க. நானும் கேட்டுக்கிட்டேதான் இருக்கேன். எங்க ஊர்ல அப்படி யாருக்கு என்ன நஷ்டம் ஆச்சு? ஒரே ஒருத்தரைக் காட்டுங்க."

வம்புக்காகக் கேட்கவில்லை. வெகுநாளாக உறுத்திய ஒன்றைக் கேட்கிறவரின் குரல் அது. ஹுல்டாவின் கை தானாக மேலே எழும்பியது. செனட்டர் கண் அவள் வாய்மேல் இருந்தது. கை பாதிவழியில் நின்றது. இந்தக் கேள்வியை விட்டுவிடலாம். வேறு ஏதாவது மாற்றிச் சொல்லலாம். முழுக் கூடாரமும் கேட்டுக்கொண்டிருந்தது. கையை இறக்கினாள்.

"மிஸ்டர் ஸ்டோக்ஸ் கேக்கறார். போர் சமயத்துல இந்த ஊர்ல யாருக்கு என்ன நஷ்டம் ஆச்சுன்னு. ஒரே ஒருத்தரை." அவள் அங்கே நிறுத்தி, ஸ்டோக்ஸைத் திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி மேடையைப் பார்த்து முடித்தாள். "ஒரே ஒருத்தரைக் காட்டணுமாம்."

அவள் ஏன் ஏப்ரனால் வாயை மூடுகிறாள் என்பதை ஊரில் யாரும் பேசியதில்லை. ஆனால் ஆண்டர்ஸைப் புதைத்த அன்று கல்லறைக்கு வந்திருந்தவர்கள் பாதிப்பேர் அங்கே இருந்தார்கள். செனட்டருக்கு அந்தக் கதை தெரியாது. அவளும் சொன்னதில்லை. அவர் அவள் முகத்தை நீண்ட நேரம் பார்த்தார்.

"மிஸ்டர் ஸ்டோக்ஸ், நான் வெளியூர்க்காரன். எனக்கு யாரையும் காட்டத் தெரியாது. உங்க ஊர்ல யாராவது பேசறதை நிறுத்தியிருந்தா, அது யாருன்னு உங்களுக்குத்தான் தெரியும்."

ஸ்டோக்ஸ் உட்கார்ந்தார். கூட்டம் கலைந்தபோது அவர் வழியோரத்தில் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றார். ஹுல்டா கடந்துபோகையில் ஏதோ சொல்ல வாயெடுத்து, வராமல் நின்றார். அவள் தலையசைத்துவிட்டுப் போனாள்.

சாயங்காலம் ப்ரூக் வீட்டுக்கு வந்தார். சமையலறையில் தோராவும் இருந்தாள். என்ன நடக்கப்போகிறது என்று தெரியாமல் அவளால் தன் வீட்டில் இருக்க முடியவில்லை. செனட்டர் மாடியில் சட்டை மாற்றிக்கொண்டிருந்தார். ப்ரூக் உட்காரவில்லை.

"நீங்க செஞ்சது எனக்குப் புரியுது மிஸஸ் மோயன். நான் குருடன் இல்ல. ஆனா நாளைக்கு வேற ஊர். அங்க உங்களை மாதிரி ஒருத்தர் எழுந்து நிப்பாங்களா? நான் சொல்லித்தான் ஆகணும். அவர்கிட்டயே நேரா சொல்லிடறேன். அதுதான் மரியாதை."

ஹுல்டா அவர் முன்னால் காப்பியை வைத்தாள். மாடிப்படியில் காலடி கேட்டது. செனட்டர் உள்ளே வந்தார். கல்யாண மாப்பிள்ளை மாதிரி இருந்தது முகம். ப்ரூக்கைப் பார்த்ததும் இரண்டு கையாலும் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மிஸ்டர் ப்ரூக், நல்லவேளை நீங்களும் இன்னிக்கு இருந்தீங்க. எத்தனையோ வருஷமா இந்த ஊருக்கு வர்றேன். இன்னிக்குத்தான் கைக்குட்டை காட்டினாங்க. என் மனைவி இருந்தா நம்பமாட்டா. அந்தக் கஞ்சப் பயலுகளான்னு கேப்பா. மிஸஸ் மோயன், நீங்க பாத்தீங்க இல்ல?"

தோரா வாயைத் திறந்தாள். ஹுல்டா அவள் காலை மேசைக்கு அடியில் மிதித்தாள். பிறகு செனட்டரை நேராகப் பார்த்து, "பாத்தேன் செனட்டர். எல்லாருந்தான் எடுத்தாங்க," என்றாள்.

"நீங்க மிஸ்டர் ப்ரூக்?"

ப்ரூக் கையை விடுவித்துக்கொள்ளவில்லை. காப்பியைப் பார்த்தார், சன்னலைப் பார்த்தார். பிறகு செனட்டர் முகத்துக்கு நேராக, உதடு நன்றாகத் தெரியும்படி நிதானமாகச் சொன்னார்.

"பாத்தேன் சார். கூடாரம் முழுக்க."

அதன்பிறகு உட்கார்ந்து சாப்பிட்டார். இரண்டாம் தட்டு லெஃப்சே வாங்கிக்கொண்டார். அன்று அவர் கொடுத்த தந்தியில், நெட்டில் க்ரீக்கில் ஒரு நல்ல ஏற்பாடு கண்டதாகவும், கேள்விகளைப் பின்பெஞ்சுக்காரர்களுக்குக் கேட்கும்படி உள்ளூர்ப் பெண்மணி ஒருவர் முன்னால் நின்று திருப்பிச் சொன்னதாகவும், எல்லா ஊரிலும் அப்படியே செய்யலாம் என்றும் இருந்தது. கம்பெனிக்காரர்களுக்குப் பிடித்துப்போயிற்று. கூடாரம் போன ஊரெல்லாம் யாரோ ஒரு பெண் மேடையைப் பார்த்து நின்று, நிதானமாகக் கேள்வியைத் திருப்பிச் சொன்னாள். எதற்கென்று எந்த ஊருக்கும் தெரியாது. செனட்டர் அந்தக் கோடையை முடித்தார். அதற்குப் பிறகும் மூன்று கோடை பேசினார்.

பிறகு கூடாரமே நின்றுவிட்டது. ரேடியோ ஒரு பக்கம், பணமுடை ஒரு பக்கம். 1931 ஜூலையில் வழக்கமாக வரும் ரயிலில் செனட்டர் இரண்டு பெட்டியோடு இறங்கி நேரே எதிர்வீட்டுக்கு வந்தார்.

"செனட்டர், இந்த வருஷம் கூடாரம் வரலையே," என்றாள் ஹுல்டா.

"தெரியும். ரயில் வந்துச்சு."

அவள் பெட்டி ஒன்றை வாங்கிக்கொண்டாள். தோரா வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஓடிவந்தாள்.

"அண்ணி, ஊர் என்ன சொல்லும்?"

"என்ன வேணா சொல்லட்டும் தோரா. அவருக்குக் கேக்காது."

அது நடந்து ஆறு வருடம் ஆகிறது. ஹுல்டாவுக்கு ஐம்பத்தாறு வயது, செனட்டருக்கு எழுபத்தொன்பது. அவர் முன்னறையில் இருக்கிறார், அவள் பின்னறையில். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. முதல் இரண்டு வருடம் ஊர் பேசியது, இப்போது பேசுவதில்லை. போன குளிர்காலத்திலிருந்து அவருக்குக் கண்ணும் மங்கிவருகிறது, உதடு சரியாகத் தெரிவதில்லை. சொல்ல வேண்டியதை அவள் அவர் உள்ளங்கையில் விரலால் எழுதுகிறாள். எழுத்துப்பிழை நிறைய இருக்கிறது. அவர் திருத்துவதில்லை.